கட்டம் சிறுத்தால் கணக்கு மாறும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் விஷயம். "ரிட்டயர்டு ஆன டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டே படியுங்கள். மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் கடைசி வரை படிக்கவேண்டும். உங்களிடம் ஒரு வேலை சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் இலக்கணம். செலுத்தப்பட்டது, செலுத்தப்படவில்லை. இந்த இரண்டு சொல்லையும் விரல் விட்டு எழுத்தெண்ணிப் பாருங்கள். முதல் ஆறு எழுத்து இரண்டிலும் ஒன்றுதான்: செ, லு, த், த, ப், ப. ஏழாவது எழுத்து ஒன்றில் ட், இன்னொன்றில் ட. ஒரு புள்ளிதான் வித்தியாசம். எட்டாவது எழுத்துக்கு வந்தால்தான் பணம் வந்ததா வரவில்லையா என்று தெளிவாகத் தெரியும்.

ஆங்கிலத்தில் இதையே பெய்டு, நாட் பெய்டு என்பார்கள். இல்லை என்கிற சொல் முன்னால் வந்து நின்றுவிடும். பின்பாதியை வெட்டினாலும் 'நாட்' மிஞ்சும். நமக்கு வினை கடைசியில் வரும். அந்த வினையிலும் ஆமா, இல்லை, செய்யலாம், கூடாது எல்லாம் வாலில் இருக்கும். போகலாம், போகவேண்டாம், போகமுடியாது. வாலை வெட்டினால் மூன்றும் 'போக'. மூன்றாம் வகுப்பில் நான் "வாக்கியத்தை முடிச்சுப் படி, முடிக்காமப் பதில் சொல்லாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்குக் காரணம் இதுதான்.

இப்போது நம்ம ஊர் மகளிர் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

பதினைந்து பேர் குழு. பாதிப்பேர் விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறை பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். காய் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது சிலர் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிடுவார்கள். சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பல வருஷமாக நோட்டில் எழுதி வந்தார்கள். ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு கணக்கு மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் யார் என்பது இங்கே தேவையில்லை.

அந்த மென்பொருளில் ஒரு அட்டவணை. பெயர், தேதி, தவணை நிலை, தொகை. தவணை நிலை என்கிற கட்டத்தில் எல்லோர் பெயருக்கு நேராகவும் 'செலுத்தப்ப' என்பதோடு எழுத்து நின்றுவிடும். கட்டத்தின் அகலம் அவ்வளவுதான். தொகை இருக்கும் கட்டம் வலது ஓரத்தைத் தாண்டி உள்ளே மறைந்திருக்கும். பக்கவாட்டில் உருட்டினால்தான் தெரியும். வழக்கமாக யாரும் அதைப் பார்ப்பதில்லை, பொருளாளர் வாயால் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

ஒரு மாதம் ஒரு பெண் மலையில் இருந்தார். தவணையைத் தங்கச்சியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கூட்டத்தில் யாரோ திரையைப் பார்த்து, "இந்தா, செலுத்தப்படலைன்னு போட்டுருக்குல்ல" என்றார். மீதி எழுத்தை அவராகவே சேர்த்துப் படித்தார். மற்ற பெயர்களுக்கு நேராகவும் அதே பாதிச் சொல்தான் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பேச்சு வளர்ந்தது. ராத்திரிக்குள் போனில் மலைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் வேலையை விட்டு இறங்கி வந்து ரசீதைக் காட்டினார். "நான் கட்டலைன்னு பதினாலு பேரு முன்னாடி பேசிட்டாகல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை.

இத்தனைக்கும் கம்ப்யூட்டருக்குள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தொகை, தேதி எல்லாம் பதிவாகியிருந்தது. காட்டிய விதம்தான் கோளாறு.

பொருளாளர் என்னிடம் படித்த பெண். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், விண்டோவைப் பிடிச்சு எம்புட்டு இழுத்தாலும் இந்தக் கட்டம் மட்டும் பெருசாக மாட்டேங்குது, பாருங்க" என்றாள். பார்த்தேன். விண்டோவைப் பெரிதாக்கினால் வெளிச்சட்டம் விரிகிறது. வலது பக்கம் சாம்பல் நிறத்தில் வெற்றிடம் கூடிக்கொண்டே போகிறது. அட்டவணை இருக்கும் உள்பெட்டி அசையாமல் அதே அளவில் நிற்கிறது. இடம் இருக்கிறது, தேவைப்படுகிற ஆளுக்குப் போய்ச் சேரவில்லை. கண்மாய் நிறைந்து கிடந்தும் கடைமடை காய்கிற மாதிரி.

அந்த மென்பொருளைத் திறந்து திருத்த வழியில்லை. அதனால் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் ராத்திரி ராத்திரி போனில் சொல்லித்தர, பைத்தான் மொழியில், க்யூடி என்கிற கருவியை வைத்து, குழுவுக்குப் புதிதாக ஒரு சின்னக் கணக்கு மென்பொருள் எழுதினேன். நாலு மாதம் பிடித்தது. அதில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன். கரும்பலகை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரை என்பது பெட்டிக்குள் பெட்டி. பெரிய பெட்டி விண்டோ. அதற்குள் மேலே ஒரு பட்டை, நடுவில் ஒரு பெட்டி, கீழே பொத்தான் வரிசை. நடுப்பெட்டிக்குள் இடதுபக்கம் பெயர்ப்பட்டியல், வலதுபக்கம் அட்டவணை. அட்டவணைக்குள் கட்டங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தன் பிள்ளைகளை எப்படி நிறுத்துவது என்று ஒரு ஏற்பாடு உண்டு. பக்கம் பக்கமாக நிறுத்தலாம், மேலும் கீழுமாக அடுக்கலாம், கட்டம் போட்டு உட்காரவைக்கலாம். இந்த ஏற்பாட்டுக்குத்தான் லேஅவுட் என்று பெயர்.

இது இரண்டு நடையாக நடக்கிறது. முதல் நடை கீழிருந்து மேலே. பெரிய பெட்டி தன் பிள்ளைகளிடம், "ஒனக்கு எம்புட்டு இடம் வேணும்? குறைஞ்சது எம்புட்டு இருந்தாப் போதும்?" என்று கேட்கும். அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கேட்டுக் கூட்டிச் சொல்லும். க்யூடியில் முதல் பதிலுக்கு சைஸ் ஹின்ட் என்றும், இரண்டாவதற்கு மினிமம் சைஸ் ஹின்ட் என்றும் பெயர். இரண்டாவது நடை மேலிருந்து கீழே. கையிலிருக்கும் இடத்தைப் பெரியவர் பங்கு போட்டுக் கொடுப்பார். மிச்ச இடம் யாருக்கு எந்த விகிதத்தில் என்பதற்கு ஸ்ட்ரெட்ச் என்று ஒரு எண் இருக்கிறது. பெயர்ப்பட்டியலுக்கு 1, அட்டவணைக்கு 3 என்று போட்டால், கூடுகிற இடத்தை நாலாகப் பங்கிட்டு மூன்று பங்கை அட்டவணைக்குக் கொடுக்கும்.

வாய்க்கால் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வயல், வயலிலிருந்து பாத்தி. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மடை திறக்காமல் விட்டால் போதும், அதற்குக் கீழே ஒரு பாத்திக்கும் தண்ணீர் போகாது. திரையிலும் இதே கதை. நடுவில் ஒரு பெட்டிக்கு லேஅவுட் வைக்காமல், உள்ளே இருப்பவற்றைக் கையால் இத்தனை பிக்ஸல் என்று அளந்து ஆணியடித்துவிட்டால், வெளியே எவ்வளவு விரிந்தாலும் உள்ளே தெரியாது. பைத்தானோடு கூடவே கிடைக்கும் டிகின்டரில் இன்னும் ஒரு படி: கட்டம் போட்டு அடுக்கும்போது, எந்த வரிசை விரியவேண்டும் என்று ஒவ்வொரு மட்டத்திலும் வெயிட் என்ற எண்ணைக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அது பூஜ்யம். மிச்ச இடம் யாருக்கும் சேராமல் கிடக்கும்.

பழைய மென்பொருளில் நடந்தது இந்த ஆணியடிக்கிற வேலைதான். ஆங்கிலத்தில் திரையைப் போட்டு, 'பெய்டு' என்ற சொல் அடங்குகிற அளவுக்குக் கட்டத்தை அளந்து, பிறகு சொற்களை மட்டும் தமிழாக்கியிருக்கிறார்கள். குட்டிச் சட்டையைத் தைத்துவிட்டுப் பெரிய பிள்ளைக்குப் போடச் சொன்ன மாதிரி. ஐபிஎம் நிறுவனத்தின் வழிகாட்டுதல் ஒன்று இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறது: பத்து எழுத்துக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல், வேறு மொழிக்குப் போகும்போது சராசரியாக இரண்டு முதல் மூன்று மடங்கு நீளத்தை எதிர்பார்க்கவேண்டும். பத்திபத்தியாக இருந்தால் இவ்வளவு நீளாது. பொத்தான், தலைப்பு, கட்டம் போன்ற சின்னச் சொற்களில்தான் அதிகமாக நீளும். சின்னச் சொற்களுக்குத்தான் நாம் சின்னக் கட்டம் போடுகிறோம்.

அடுத்தது வரி மடக்குவது. இதுதான் கஷ்டமான பாடம். கவனமாகப் படியுங்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் சாப்பிடவேண்டும். பந்தல் அகலமாக இருந்தால் ஒரு வரிசையில் இருபத்தைந்து இலை போட்டு நாலு வரிசையில் முடிக்கலாம். பந்தல் குறுகல் என்றால் ஒரு வரிசையில் பத்து இலை, பத்து வரிசை. பந்தலின் நீளம் கூடும். ஆக, "எவ்வளவு நீளம் வேணும்?" என்று பந்தி விசாரிப்பவரைக் கேட்டால், "அகலம் எம்புட்டுன்னு சொல்லுங்க, அப்பத்தான் சொல்ல முடியும்" என்பார். சொற்களை மடக்கி எழுதும் பெட்டியும் இப்படித்தான். அதன் உயரம், அதற்குக் கிடைக்கும் அகலத்தைப் பொறுத்தது.

முன்னே சொன்ன இரண்டு நடையில் பெரிய பெட்டி அகலத்தைச் சொல்லாமலே "எம்புட்டு வேணும்?" என்று கேட்கிறது. பிள்ளை என்ன சொல்லும்? ஜாவாவின் ஃப்ளோ லேஅவுட் என்ற ஏற்பாடு, எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தால் எவ்வளவு ஆகுமோ அந்தக் கணக்கைச் சொல்லும். பெரிய பெட்டியும் ஒரு வரிசைக்கான உயரத்தை ஒதுக்கிவிடும். பிறகு அகலம் போதாமல் இரண்டாவது வரிசை விழும். அது விழுந்த இடம் ஒதுக்கின எல்லைக்கு வெளியே. பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் திரையில் தெரியமாட்டார்கள். பெட்டிக்குள் பெட்டியாக வைக்கும்போது இது அடிக்கடி வருகிற தொல்லை.

தீர்வு, மூன்றாவதாக ஒரு கேள்வி: "இம்புட்டு அகலம் தர்றேன், உயரம் எம்புட்டு வேணும்?" க்யூடியில் இந்தக் கேள்விக்கு ஹைட் ஃபார் விட்த் என்று பெயர். ஜிடிகே என்ற இன்னொரு கருவியில் 2011-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாப் பெட்டிகளும் இப்படிக் கேட்டுப் பதில் சொல்லும் முறை வந்தது. கேள்வி ஒரு மட்டத்தில் மட்டும் கேட்டால் போதாது. வெளிப்பெட்டியிலிருந்து உள்பெட்டி வரை எல்லா மட்டத்திலும் கடத்தவேண்டும். நடுவில் ஒருவர் கேள்வியை விழுங்கிவிட்டால் பழைய கதைதான்.

இந்த யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1977-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கனூத் தன் புத்தகத்தின் புதுப் பதிப்புக்கு அச்சுப்படி வந்ததைப் பார்த்து, அச்சின் தரம் பிடிக்காமல், பக்கம் அமைக்கத் தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதன் பெயர் டெக். எழுத்து ஒரு பெட்டி. சொல், பெட்டிகள் சேர்ந்த பெட்டி. வரியும் பக்கமும் அப்படியே. பெட்டிகளுக்கு நடுவில் நீளவும் சுருங்கவும் கூடிய 'பசை'. ஈய எழுத்துக் கோத்தவர்கள் இடைவெளித் துண்டுகளைச் செருகி வரியை நிரப்பிய வேலையைத்தான் அவர் கணக்காக ஆக்கினார். 1980-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இன்டர்வியூஸ் என்ற கருவியை உருவாக்கியவர்கள் அந்தப் பெட்டியையும் பசையையும் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைய லேஅவுட்டுகளும் அதே வழியில் போகிறவைதான். அச்சகத்தில் இடம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. ஆனால் இன்றைக்கும் பலர் திரையை ஆணியடித்தே கட்டுகிறார்கள்.

தமிழுக்கென்று தனியாகக் கவனிக்கவேண்டியவை மூன்று.

ஒன்று, நீளத்தை எப்படி அளப்பது. படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற சொல்லில் நமக்கு 15 எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 28 என்கும். மெய்யையும் அதன் மேலேறிய உயிர்க்குறியையும், புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 15-ஐ வைத்தும் 28-ஐ வைத்தும் அகலம் கணக்குப் போட முடியாது. 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலமா? எழுத்துருவிடமே கேட்கவேண்டும், இந்தச் சொல்லை எழுதினால் எத்தனை பிக்ஸல் என்று. லேஅவுட்டிடம் பொறுப்பை விட்டால் அது தானாகவே கேட்டுக்கொள்ளும்.

இரண்டு, எங்கே மடக்குவது. மென்பொருள்கள் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் வழக்கமாக மடக்கும். மேலே சொன்ன சொல்லில் இடைவெளியே இல்லை. மடக்கவும் முடியாமல், அடக்கவும் முடியாமல் நிற்கும். நம் செய்தித்தாள்களில் நீளச் சொல்லை வரிக்கடைசியில் எந்த எழுத்திலும் உடைத்து, கோடு கூடப் போடாமல் அடுத்த வரியில் தொடர்கிறார்கள். நாமும் சிரமமில்லாமல் படிக்கிறோம். ஒரே விதி, புள்ளி வைத்த எழுத்தை அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. காப்பி எழுதும்போது நான் சொல்லிக்கொடுத்த அதே விதி. அப்படி உடைக்கவேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத ஒரு இடைவெளியை வைக்க யூனிகோடில் வழி இருக்கிறது.

மூன்று, உயரம். ஆங்கில எழுத்துக்கு அளந்த வரிசையில் நம் எழுத்தைப் போட்டால் மேலே புள்ளியும், கீழே ணு, ளூ போன்றவற்றின் சுழியும் அடிபடும். புள்ளி போனால் என்ன ஆகும்? பாட்டி, 'பாடடி' ஆகிவிடுவாள். சிரிக்கலாம். ஆனால் செலுத்தப்பட்டது என்பதில் ஏழாவது எழுத்தின் புள்ளி போனால் சிரிக்க முடியாது.

1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999-இல் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஒவ்வொன்றுக்கும் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் உழைத்தார்கள். அதனால் எழுத்துக்கு எண் கிடைத்தது, தட்டச்ச விசை கிடைத்தது. திரையில் எழுத்து முழுசாகத் தெரிவதற்கான இடத்தை எந்த மாநாடும் தீர்மானம் போட்டுக் கொடுக்க முடியாது. அது ஒவ்வொரு மென்பொருளிலும், அதை எழுதும் பிள்ளையின் கையில் இருக்கிறது.

இனி, குழுவின் மென்பொருளில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

1. எந்தக் கட்டத்துக்கும் நிலையான அகலம் கிடையாது. குறைந்தபட்ச அகலம் மட்டும் உண்டு. விண்டோ முதல் அட்டவணை வரை ஒவ்வொரு மட்டத்திலும் லேஅவுட்.

2. அட்டவணையில் எழுத்து மடங்கும், அதற்கேற்ப வரிசையின் உயரம் கூடும். எக்ஸல் பயன்படுத்துகிறவர்களுக்கு ராப் டெக்ஸ்ட் என்றால் புரியும். பக்கத்துக் கட்டத்தில் ஏதாவது இருந்தால் எக்ஸலும் நீளமான எழுத்தை மறைத்துவிடும். அந்தப் பொத்தானை அழுத்தினால் மடக்கிக் காட்டும்.

3. பக்கவாட்டில் உருட்டும் வேலை இல்லை. கீழே உருட்டினால் அடுத்த ஆள் வருவார். பக்கவாட்டில் உருட்டவேண்டி வந்தால் வாக்கியத்தின் வால் அந்தப் பக்கம் மறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

4. க்யூடியின் சாதாரணப் பொத்தான் தன் எழுத்தை மடக்காது. அதனால் 'இந்தப் பதிவை நீக்கலாம்', 'இந்தப் பதிவை நீக்க வேண்டாம்' என்ற இரண்டையும் பக்கம் பக்கமாக நெருக்காமல், மேலும் கீழுமாக, முழு அகலத்தில் வைத்தோம்.

5. இடம் போதாதபோது அட்டவணை மூன்று புள்ளி வைத்துச் சொல்லைச் சுருக்கும். க்யூடியில் அந்த மூன்று புள்ளி வழக்கமாகச் சொல்லின் கடைசியில் விழும். ஆங்கிலத்துக்கு அது சரி. அதை நடுவில் விழும்படி மாற்ற ஒரே வரி எழுதினால் போதும். தலையும் தெரியும், வாலும் தெரியும்.

6. எழுத்தின் அளவை இரண்டு மடங்காக்கி, விண்டோவை எவ்வளவு குறுக்க முடியுமோ குறுக்கி, இருப்பதிலேயே நீளமான சொல்லைப் போட்டுப் பார்த்தோம். குழுவில் அறுபது தாண்டியவர்கள் நாலு பேர். அவர்களுக்குப் பெரிய எழுத்துதான் வேண்டும்.

இதெல்லாம் முடித்துக் காட்டியபோது பொருளாளர் கேட்டாள்: "டீச்சர், செலுத்தப்படவில்லைன்னு இம்புட்டு நீளமா எதுக்கு? 'வரவு', 'பாக்கி'ன்னு போட்டாப் போதாதா?"

நோட்டுக் கணக்கில் அவர்கள் எழுதி வந்த சொற்கள். முதல் எழுத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. கட்டம் எவ்வளவு சிறுத்தாலும் ஒன்றை இன்னொன்றாகப் படிக்க முடியாது. உடனே மாற்றினோம். இத்தனை வருஷமாகக் கடைத்தெருவிலும் நோட்டிலும் புழங்குகிற சொல் இருக்க, அலுவலகச் சொல்லைத் திரைக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்பது இன்னொரு நாள் பதிவு.

ஆனால் சொல்லைச் சுருக்கிவிட்டதால் பெட்டியைப் பற்றிக் கவலையில்லை என்று நினைக்கவேண்டாம். குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'தங்கச்சி மூலமாகக் கொடுத்தனுப்பிய தொகை பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று அங்கேதான் எழுதவேண்டும். அதைச் சுருக்க முடியாது, சுருக்கவும் கூடாது. மடக்கத்தான் வேண்டும்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். முன்பு ஒரே திரையில் பதினைந்து பேரும் தெரிந்தார்கள். இப்போது வரிசைகள் உயரமாகிவிட்டதால் ஒன்பது பேர்தான் தெரிகிறார்கள். "பரவால்ல டீச்சர், உருட்டிக்கிறேன். பாதிப் பாதியா பதினஞ்சு பேரு தெரியுறதுக்கு, முழுசா ஒம்பது பேரு தெரியட்டும்" என்றாள்.

அந்தப் பெண் மூன்றாவது கூட்டத்துக்கு வந்தார். யாரும் மன்னிப்பு, விளக்கம் என்று பேசவில்லை. கிராமத்தில் அப்படிப் பேசுகிற வழக்கமும் குறைவு. பொருளாளர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் தன் பெயரைத் தேடி, விரலை வைத்து, தேதி, வரவு, தொகை, குறிப்பு என்று நாலு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்தார். பக்கத்தில் இருந்த வயசான அக்கா, "எனக்கும் படி" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் வரியைத் தானே பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பொருளாளர் வாயால் வாசிக்கிற வேலை குறைந்தது.

பிள்ளைகளே, சென்னையிலும் பெங்களூரிலும் கடல் தாண்டியும் உட்கார்ந்து திரை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மருத்துவமனையில் ஒவ்வாமை 'இல்லை' என்பதும், ரேஷன் கடையில் பொருள் 'வழங்கப்படவில்லை' என்பதும், வங்கியில் கோரிக்கை 'ஏற்கப்படவில்லை' என்பதும் உங்களில் யாரோ ஒருவர் போட்ட கட்டத்துக்குள்தான் வருகிறது. அதைப் படிக்கிறவர், ஒன்றரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கிற ஒரு அம்மாவாக இருக்கலாம்.

நீங்கள் செய்யவேண்டிய வேலை இதுதான். இந்த வாரம் உங்கள் மென்பொருளின் ஏதாவது ஒரு திரையைத் திறந்து, அதில் இருக்கும் 'ஓகே', 'கேன்சல்', 'நாட் பெய்டு' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல நீளமான தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். விண்டோவை இழுத்துப் பாருங்கள், குறுக்கிப் பாருங்கள். எந்தப் பெட்டி அசையவில்லை, எந்தச் சொல்லின் வால் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்று எனக்கு எழுதுங்கள். மார்க் போட சிவப்புப் பேனா இன்னும் வைத்திருக்கிறேன்.

சொந்தபந்தங்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் பாதி எழுத்து தெரிந்தால் மீதியை நீங்களாகச் சேர்த்துப் படிக்காதீர்கள். முழுசும் தெரிகிற வரைக்கும் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அல்லது எனக்குப் போன் போடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பொட்டிபுரம்.